எடை குறைஞ்ச அடுப்பு

...எழுபத்து மூணு கிராம்னு டப்பா மேலயே அச்சடிச்சிருக்கான் தம்பி, கொட்டை எழுத்துல. வீட்டுக்குக் கொண்டாந்து தராசுல வெச்சா எழுபத்தஞ்சு! அந்த ரெண்டு கிராம் எங்கேருந்து வந்துச்சு? கேக்கறேன், வானத்துலேருந்து குதிச்சுதா? நான் யாரு? ஆயுசு பூரா எடைக்கல்லுக்கு முத்திரை குத்தின ஆளு. நான் கடைத்தெருவுல தலை காட்டினா நகைக்கடைக்காரன் தராசை இழுத்து மூடிட்டு, "வாங்க சார், உக்காருங்க சார்"னு நாற்காலியைத் தொடைப்பான். என்கிட்டயே ரெண்டு கிராமா!

என்ன பொருளா? அட, இவ்ளோ நேரம் அதைச் சொல்லவே இல்லையா நான்? அடுப்பு தம்பி, அடுப்பு. மலைப்பாதையில வாரக்கணக்கா நடக்கறவங்க முதுகுப் பையில போட்டுட்டுப் போவாங்களே, மடக்கினா உள்ளங்கையில அடங்குமே, அது. உங்க காலுக்கு நடுவுல இவ்ளோ பெரிய பை இருக்கே, நீங்களும் நடக்கப் போறவர்தானே? நெனச்சேன். அதனாலதான் பஸ்ஸுல முன்னாடி அத்தனை சீட்டு காலியா இருந்தும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.

உங்ககிட்ட என்ன அடுப்பு? ... ஏதோ ஒண்ணா? ... கடையில குடுத்ததா? ... பேரு ஞாபகம் இல்லையா! என்ன தம்பி நீங்க, செருப்பு வாங்கப் போனாக்கூட காலை அளந்துதானே வாங்குவீங்க? இது சோறு போடற சாமான். சரி, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, நான் கொண்டாந்ததைக் காட்டறேன். இந்தப் பர்னரைக் கொஞ்சம் பிடிங்க. பயப்படாதீங்க, கேஸ் அதுல இல்ல. கேஸ் இந்தப் பையில இருக்கு.

இது கேஸ் அடுப்பு. இந்தக் குண்டு டப்பா இருக்கு பாருங்க, இது தலையில திருகிட்டாப் போதும், பத்திக்கும். நல்லதுதான், இல்லேங்கல. ஆனா டப்பாவுக்குள்ள எவ்ளோ மிச்சம் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்? பாதி டப்பாவோட மலையேறி நட்ட நடுவுல புஸ்ஸுன்னு போச்சுன்னா? அதுக்கு ஒரு வழி இருக்கு, பக்கெட்டுத் தண்ணியில மிதக்க விட்டு, எவ்ளோ முழுகுதுன்னு பாக்கணும். எங்க வீட்டுப் பாத்ரூம்ல எப்பவும் ரெண்டு டப்பா மிதந்துட்டுத்தான் இருக்கும். என் சம்சாரம் குளிக்கப் போனா முதல்ல அதுங்களை வெளிய எடுத்து வெச்சிட்டுத்தான் தண்ணி மொள்ளணும். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பா? மாட்டா. அவ நர்சா இருந்தவ தம்பி. பெரிய ஆஸ்பத்திரியில, ஆபரேஷன் வார்டுல. எதைப் பாத்தாலும் முகம் மாறாது. என்னைப் பாத்தும் மாறாது.

இது ரெண்டாவது, ஸ்பிரிட் அடுப்பு. கூல்டிரிங்க்ஸ் தகரத்தை வெட்டி நானே பண்ணினது. வெயிட்டு இருக்கான்னே தெரியாது, கையில வெச்சுப் பாருங்க. ... பாத்தீங்களா! காத்து மாதிரி இருக்குல்ல? ஒரே ஒரு குறை, பகல்ல நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. எரியுதா இல்லையான்னு குனிஞ்சு பாக்கணும். குனிஞ்சு பாத்தேன். இதோ, இடது புருவம்... இன்னும் முழுசா வளரல. "வலது பக்கமும் சமமா பண்ணிடட்டுமா?"ன்னு கேட்டா எம் பொண்ணு. கிண்டல்!

மூணாவது சுள்ளி அடுப்பு. எரிபொருளே சுமக்க வேணாம், போற வழியில பொறுக்கிக்கலாம். ஆனா மழை பேஞ்சா? அதான், மூணையும் கொண்டாந்துட்டேன். அங்க போயி காத்து எப்படி அடிக்குது, ஈரம் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்னு. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது, பாருங்க.

... என்னது? மூணும் சேந்தா எவ்ளோ கனமா? ... அது வேற கணக்கு தம்பி. ஒவ்வொண்ணும் எடை குறைஞ்சதுதான்.

எங்க விட்டேன்? ஆங், ரெண்டு கிராம். அந்த கேஸ் அடுப்பைத் திருப்பிக் குடுக்கப் போனேன். கடையில ஒரு பொண்ணு இருக்கும், என் தலையைத் தூரத்துல பாத்தாலே ஸ்டாக் ரூமுக்குள்ள போயிடும். நானும் விட மாட்டேன், ஸ்டாக் ரூம் வாசல்ல போயி நின்னுக்குவேன். "ஐயா, அந்த ரெண்டு கிராம் ஸ்டிக்கரோட எடையா இருக்கும்"னு உள்ளேருந்தே சொல்லுது. ஸ்டிக்கரை உரிச்சேன் தம்பி. கடையிலயே உக்காந்து, நகத்தால சுரண்டிச் சுரண்டி. அப்பவும் ஒரு கிராம் கூடத்தான் இருந்துச்சு! சட்டப்படி எழுதிப் போட்டிருக்கேன், பதில் வரணும்.

எம் பொண்டாட்டி சும்மா இருக்க மாட்டாம, "ஒரு கிராம்தானேங்க, நீங்க நகத்தை வெட்டினா சரியாப் போயிடும்"னுட்டா. சொல்லிட்டு சிரிக்கவும் இல்ல.

இந்த நடை ஆசையே அவளோடதுதான். வேலை பாத்த காலம் பூரா அந்த வார்டுல நின்னு நின்னே கழிச்சவ. "ரிட்டயர் ஆனதும் மலைப்பாதையை ஒரு முனையில தொடங்கி மறு முனை வரைக்கும் ரெண்டு பேரும் நடந்துரணும்ங்க, யாரும் கூப்பிடாத இடத்துல"ன்னா. நானும் சரின்னுட்டேன். மனசாரத்தான் சொன்னேன். கூடாரம் அவ வாங்கினா, ஷூ அவ வாங்கினா, வரைபடம் அவ வாங்கினா. "அடுப்பை மட்டும் என்கிட்ட விட்டுரு"ன்னு சொன்னேன். அதுதானே முக்கியம்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

முதல் வருஷம் சீசனுக்குப் பாதை திறந்தப்போ அடுப்பு முடிவாகல. எப்படி ஆகும்? காத்துல எரியுதான்னு பாக்கணுமே! பால்கனியில வெச்சு, டேபிள் ஃபேனை ஒண்ணுல வெச்சு, ரெண்டுல வெச்சு, மூணுல வெச்சு, தண்ணி கொதிக்க எவ்ளோ நேரமாகுதுன்னு வாட்சைப் பிடிச்சுட்டு நிப்பேன். கீழ் வீட்டுக்காரர் புகையைப் பாத்து தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டாரு. வந்தவங்க நல்ல மனுஷங்க தம்பி, அவங்களையும் உக்கார வெச்சு மூணு அடுப்பையும் காட்டினேன். ஒருத்தர் மட்டும், "சார், எங்களுக்கு வேற இடத்துல தீ"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினாரு.

ரெண்டாம் வருஷம் கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு. பையெல்லாம் கட்டி வாசல்ல வெச்சாச்சு. அந்த நேரம் பாத்து, புது மாடல் வருதுன்னு ஒரு சேதி. இதைவிட ஏழு கிராம் கம்மி! நீங்களே சொல்லுங்க, ஏழு கிராம் கம்மியா ஒண்ணு வருதுன்னு தெரிஞ்சும் எவனாவது கிளம்புவானா? "பொறு, வரட்டும்"னேன். பையை அவிழ்த்தா. கூடாரத்தை மடிச்சு பீரோ மேல வெச்சிட்டு, சமையலறையில போயி பாத்திரம் கழுவ ஆரம்பிச்சிட்டா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிட்டு இருந்தா.

எங்க சகலை இருக்கான் பாருங்க, அவ அக்கா புருஷன், அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "கடலைத் தாண்ட ஆசை இருக்கு, கால்வாயைத் தாண்டக் காலில்ல"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றான். "நடந்து பாத்தாத்தான்யா எந்த அடுப்பு ஒத்து வரும்னு தெரியும்"ங்கறான். நான் சொன்னேன், "அடுப்பு இல்லாம எப்படிய்யா நடக்கறது?" பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்ங்கற கதையா இருக்கு. அவனுக்கு எங்க புரியும்? அவன் வீட்டுக்குப் பால் வாங்கவே கார்ல போறவன்.

... என்ன ஜன்னலையே பாக்கறீங்க? பாலத்து ஸ்டாப்பா? அதுக்கு இன்னும் நேரமிருக்கு, நானும் அங்கதானே இறங்கறேன். கண்டக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், வந்தா சத்தம் குடுப்பாரு. நீங்க நிம்மதியாக் கேளுங்க.

மூணாவது வருஷம், அதான் இந்த வருஷம்... அதைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. காலையில பால்கனியில நிக்கறேன். ஃபேன் மூணுல. தண்ணி கொதிக்கப் போகுது, பாத்திரத்து அடியில சின்னச் சின்னதா குமிழி வந்தாச்சு, வாட்சை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பின்னாடி வந்து, "நான் போயிட்டு வரேங்க"ன்னா. நான் திரும்பாமலே, "வர்றப்போ பால் வாங்கிட்டு வந்துரு"ன்னேன்.

மலைக்குப் போயிருக்கா தம்பி! பெரிய பையை முதுகுல மாட்டிட்டு நின்னிருக்கா. நான் பாக்கல. பாக்கற நேரமா அது? தண்ணி கொதிக்குதில்ல?

மத்தியானம் வரைக்கும் பாலுக்குக் காத்துட்டு இருந்தேன். அப்புறம் எம் பொண்ணுதான் போன் பண்ணி, "அப்பா, அம்மா மலையேறிட்டாங்க, பாலை நீங்களே வாங்கிக்கங்க"ன்னு சொல்லுது. சரி, கோவம், புருஷன் பொண்டாட்டிக்குள்ள வர்றதுதான். ஆனா எனக்கு நெஞ்சுல தச்சது எது தெரியுமா? அடுப்பு! மூணு அடுப்பும் வீட்டுலயே இருக்கு. தராசுப் பக்கத்துல வரிசையா வெச்சது வெச்சபடி. அடுப்பே இல்லாமப் போயிட்டா!

எதைத் தின்னான்னு கேளுங்க. ... கேளுங்களேன்! ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதுல ஓட்ஸைப் போட்டு, பச்சைத் தண்ணியை ஊத்தி, மூடி, பையில சொருகிட்டு நடப்பாளாம். போய்ச் சேர்றதுக்குள்ள ஊறிடுமாம். உக்காந்து ஸ்பூன் போட்டுத் தின்னுட்டு அடுத்த மலை. "நல்லாத்தாங்க இருக்கு"ங்கறா போன்ல. எப்படி நல்லாருக்கும்? நான் இங்க கொதி வர்ற நேரத்தை நொடி நொடியாக் குறைச்சுட்டு இருக்கேன், அவ கொதிக்கவே விடாம மலையைத் தாண்டிட்டா! அந்த டப்பாவோட எடை என்னன்னு கேட்டேன். லைன் கட் ஆயிடுச்சு.

நேத்து மறுபடியும் போன் வந்துச்சு. மேல உச்சியிலதான் சிக்னல் கிடைக்குமாம், கீழ இறங்கிட்டா கிடையாது. "நாளைக்குச் சாயந்திரம் பாலத்துக்கிட்ட இறங்கிடுவேன், நடை முடிஞ்சுது"ன்னா. குரல் கரகரன்னு இருந்துச்சு, ஆனா ஒரு சந்தோஷம் இருந்துச்சு தம்பி அதுல. கல்யாணமான புதுசுல கேட்ட குரல். அப்புறம் சொல்றா, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்குச் சூடா ஒரு டீ வேணும். அங்க கடை கண்ணி ஒண்ணும் கிடையாதாம். கொண்டு வர்றீங்களா?"

தம்பி, அந்த வார்டுல அவ ஒரு நாள் சூடா டீ குடிச்சதில்ல. கப்பைக் கையில எடுத்தா எங்கயாவது மணி அடிக்கும். வெச்சிட்டு ஓடுவா. திரும்பி வந்து ஆடை படிஞ்ச டீயை மடமடன்னு ஊத்திக்குவா. வீட்டுலயும் அந்தப் பழக்கம் போகல. நான் கூப்பிட்டாலும் வெச்சிட்டுத்தான் வருவா. நானும் கூப்பிட்டுட்டேதான் இருந்திருக்கேன்... "இங்க வா, இதைப் பிடி, இந்தத் தராசைப் பாரு"ன்னு. எங்கிட்ட அவ எதுவும் கேட்டதே இல்ல. இதுதான் முதல் தடவை.

கடைசியா ஒண்ணு சொன்னா, "உங்க பஸ்ஸைப் பாப்பேன். நீங்க வரலேன்னா, எதிர்ப் பக்கம் வர்ற வண்டியில ஏறி அக்கா வீட்டுக்குப் போயிடறேன். கொஞ்ச நாள் அங்கயே இருந்துக்கறேன்." சண்டை போடற குரல் இல்ல தம்பி அது. டிஸ்சார்ஜ் ஆகற நோயாளிகிட்ட மாத்திரை சொல்வாங்களே, அந்தக் குரல்.

ராத்திரி பூரா தூங்கல. எந்த அடுப்பைக் கொண்டு போறதுன்னு.

... பிளாஸ்க்கா? ஏன் தம்பி, எம் பொண்ணும் இதையேதான் சொல்லுது! "வீட்டுலயே டீ போட்டு பிளாஸ்க்குல ஊத்திட்டுப் போங்கப்பா"ன்னு. பிளாஸ்க் எவ்ளோ கனம் தெரியுமா உங்களுக்கு? காலி பிளாஸ்க்கே இந்த கேஸ் அடுப்பு அஞ்சுக்குச் சமம்! அதுவும் போக, ஆறிப் போயிடும். அவ கேட்டது சூடான டீ. அவ கண்ணெதிர்ல தளதளன்னு கொதிக்கணும், ஆவி பறக்கணும். அப்பத்தானே இத்தனை வருஷம் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு அவளுக்குப் புரியும்? நான் சும்மாவா இருந்தேன்? அவளுக்காகத்தானே...

இப்போ இதைப் பாருங்க, இந்த கேஸ் அடுப்போட கழுத்தை மட்டும் கழட்டிக் காட்டறேன். இதுக்குள்ளதான் சூட்சுமமே இருக்கு. இந்த மூடியைப் பிடிங்க... இது ஊசி... இதை உங்க மடியில வெச்சுக்கங்க... இது... என்ன தம்பி, எந்திரிக்கறீங்க? இருங்க, இருங்க, முக்கியமான இடத்துக்கு வந்துட்டேன்! ... இறங்கணுமா? நீங்களும் என்கூடத்தானே... சரி சரி, அந்த மூடியைக் குடுங்க. மெதுவா! ... ஐயையோ! வாஷர்! அசையாதீங்க தம்பி! கறுப்பா ஒரு சின்ன ரப்பர் வளையம், சுண்டுவிரல் நகத்தளவு. அது இல்லேன்னா கேஸ் கசியும். காலைத் தூக்குங்க... அந்தக் கால் இல்ல, இந்தக் கால்... ஏன் தாண்டிக் குதிக்கறீங்க? என்ன அவசரம் மனுஷனுக்கு! தோளைத் தட்டறாரு, வெளிய கையைக் காட்டறாரு... இருப்பா, நான் சீட்டுக்கு அடியில இருக்கேன்ல?

... யாரு, கண்டக்டரா? இல்ல சார், வேற யாரும் இறங்கல. நீங்க போங்க. ரைட், ரைட்!

கெடச்சுருச்சு! செருப்புக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு பாருங்க, நல்லவேளை... தம்பி? ... போயிட்டாரா? நாலு பேர் உக்காந்து பேசினா நல்லது கெட்டது தெரிஞ்சுக்கலாம், இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே...

என்ன இது, கீழ தண்ணி தெரியுது.

சார்! கண்டக்டர் சார்! இது என்ன பாலம்? ... அந்தப் பாலமா? அப்போ ஸ்டாப்பு? ... தாண்டிடுச்சா! சத்தம் குடுக்கறேன்னு சொன்னீங்களே சார்! ... குடுத்தீங்களா? எப்போ? ... ரெண்டு தடவையா? எனக்குக் கேக்கலயே... பேசிட்டு இருந்தேனா? நான் எங்க சார் பேசினேன், அந்தத் தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை... விசில் அடிங்க சார், நிறுத்தச் சொல்லுங்க! ... பாலத்து மேல நிறுத்தக் கூடாதா? யாரு போட்ட சட்டம்? ... சரி, சரி, சட்டம்னா சட்டம்தான்...

வழி விடும்மா, பின் கண்ணாடி வழியாப் பாக்கணும்.

அதோ இருக்கா. அதோ சார், அந்தக் கல்லு பக்கத்துல. கறுத்துப் போயிட்டா. இளைச்சும் போயிட்டா. நிமிந்து நிக்கறா பாருங்க, வார்டுல நின்ன மாதிரி இல்ல, வேற மாதிரி நிக்கறா... கையில டம்ளரை வெச்சிருக்கா சார். எடுத்துத் தயாரா வெச்சிட்டு நின்னிருக்கா.

இங்க! இங்க இருக்கேன்! ... கேக்காது. அந்தத் தம்பி அவகிட்டப் போறாரு. போயி என்னமோ சொல்றாரு. ஆங், நல்ல பிள்ளை, சொல்லுங்க தம்பி, சொல்லுங்க... பஸ்ஸைக் கையைக் காட்டறாரு. அவ பாக்கறா. என்னைத்தான் பாக்கறா சார்! நான் கையை ஆட்டறேன், இந்த வாஷரோட...

டம்ளரைக் கவுத்தா. ஒரு உதறு உதறினா. பையில போட்டுட்டா.

எதிர்ல போற இந்த வண்டி எந்த ஊருக்கு சார்? ... அதேதான். அவ அக்கா ஊரு. நிக்கும்ல அந்த ஸ்டாப்புல? ... நிக்குது. போன் அடிக்கறேன், மணியே போகல. கீழ சிக்னல் கிடையாதுன்னு அவளே சொன்னா. ஏறாத, ஏறாத, ஒரு நிமிஷம்... வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழி உடைஞ்ச கதையா...

ஏறிட்டா சார்.

... என்ன? டிக்கெட்டா? ஆமா, பாலம் வரைக்கும்தான் எடுத்தேன். இனிமே எங்க நிக்கும்? ... அவ்ளோ தூரமா? அங்கேருந்து திரும்பிப் போற வண்டி? ... அதுதான் கடைசியா? பரவாயில்ல, அந்த ஸ்டாப்பு வரைக்கும் ஒண்ணு குடுங்க.

அவ அக்கா வீட்டுல அடுப்பு இருக்கு சார். சாதா அடுப்பு. திருகினா எரியும், எடையெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் போனதும் நேரா சமையலறைக்குள்ள நுழைஞ்சு, யாரையும் விடாம நானே போட்டுக் குடுத்துருவேன். பேச மாட்டேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்...

எங்க! நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவ அக்கா போட்டுக் குடுத்திருப்பாங்க. உக்கார வெச்சு, சூடா. இவளும் யாரும் கூப்பிடாம, நிதானமாக் குடிச்சு முடிச்சிருப்பா.